நான் போடாத சத்தம்

1989 மார்ச் 14, செவ்வாய்

இன்று முழுக்க அடிதடி. முட்டைக்கோஸ், ஒரு கட்டு கேரட், ஈரத்துண்டு, மணல் மூட்டை. காலையில் வில்லனின் தாடையைப் பெயர்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவனை மாடிப்படியில் உருட்டிவிட்டேன். திரையில் எவன் எவனை அடித்தாலும் கை என்னுடையது. படம் ஊமையாக ஓடும். நான் அதைப் பார்த்துக்கொண்டே மைக் முன்னால் முட்டைக்கோஸைக் குத்துவேன், கேரட்டை ஒடிப்பேன், மூட்டையை மிதிப்பேன், கதவைச் சாத்துவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஊசி. மீட்டரில் ஆடும் ஊசியை விட்டு அவர் கண்ணை எடுத்து யாரும் பார்த்ததில்லை.

இயக்குநர் புதுசு. "நெஜமா அடிச்சா இப்படியாக்கா கேக்கும்?" என்றான்.

"நெஜமா அடிச்சா ஒண்ணுமே கேக்காது தம்பி. அதுக்கு யாரு டிக்கெட் வாங்குவா?"

ஊசி சிரித்தார். நானும்தான். நிஜ அடியை நான் எங்கே கேட்டேன்? சும்மா அடித்துவிட்டேன்.

மாலையில் அம்மாவும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். கீழே அத்தானின் கடை, மேலே வீடு. கடைக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் மாடி ஏறிவிடும். கல்யாணமான புதிதில் ரேடியோகிராம். அப்புறம் மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. இப்போது கலர் டி.வி. பாதித் தெரு வந்து தரையில் உட்கார்ந்து கால்பந்து பார்த்தது. அந்தப் பச்சை! புல் இப்படியா இருக்கும்? அத்தான் எல்லோரையும் "உக்காருங்க, உக்காருங்க" என்று உபசரித்துக்கொண்டே இருந்தார்.

அக்கா இடது கையால் டீ கொடுத்தாள். வலது மணிக்கட்டில் கட்டு.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்டி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அந்த டி.வி.யைப் பற்றியே பேசினாள்.

1989 ஆகஸ்ட் 2

அக்கா மறுபடியும் விழுந்தாளாம். இந்தத் தடவை மாடிப்படி.

1990 நவம்பர் 20

அக்கா வீட்டில் வீடியோ டெக். "இனிமே தியேட்டர் எதுக்கு? தியேட்டரையே தூக்கிட்டு வந்துட்டேன்ல" என்கிறார் அத்தான். அவருக்குச் சண்டைப் படம்தான் பிடிக்கும். வாரம் ஒரு கத்தை கேசட் எடுத்து வருகிறார். நான் வேலை செய்த படம் என்றால் எல்லோரிடமும் சொல்கிறார்: "நம்ம கொழுந்தியா அடிக்கிற அடி!" கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஊசிக்குக் கவலை. வீட்டிலேயே படம் வந்துவிட்டால் நம் பிழைப்பு என்னாவது என்கிறார்.

"பெட்டி சின்னதானா அடி குறைஞ்சிடுமா சார்?" என்றேன்.

திரும்பும்போது பக்கத்து வீட்டுத் தையற்காரர் நிறுத்தினார். "மத்தியானமானா உங்கக்கா வீட்ல ஒரே சண்டைப் படம்மா. செவுரே அதிருது. கொஞ்சம் சொல்லுங்களேன்." அத்தான் சாப்பிட வரும் நேரம் அது. சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் போய் இதையெல்லாமா சொல்வது?

1991 ஜூன் 18

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மத்தியானம் இடைவேளையில் ஸ்டூடியோவிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அம்மாவின் கண்ணாடி விஷயமாக. எடுத்தாள். "அப்புறம் பேசறேன்டி" என்றாள். அவசரத்தில் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது, லைன் கட் ஆகவில்லை. டி.வி. அலறிக்கொண்டிருந்தது. என்ன படம் என்று கேட்டவுடன் தெரிந்துவிட்டது. போன வருஷம் நான் செய்தது. கிடங்குச் சண்டை. அதில் ஒவ்வொரு அடியும் எனக்கு மனப்பாடம், மீட்டருக்குச் சரியாக வரவில்லை என்று ஊசி அத்தனை தடவை போடவைத்தார்.

கன்னத்தில் ஒன்று. முட்டைக்கோஸ். வயிற்றில் ஒன்று. மணல் மூட்டை. அடுத்து வில்லன் பீப்பாய் மேல் போய் விழ வேண்டும். அதற்கு நடுவில் ஒரு சத்தம் கேட்டது.

அது நான் போட்டதில்லை.

சப்பென்று, சின்னதாக. எதிரொலியே இல்லை. பீப்பாய் உருண்டது. மறுபடியும் அந்தச் சத்தம், இரண்டு தடவை. நான் போட்டதில்லை. நான் போட்டதே இல்லை! ஒருத்தி வீறிட்டாள், ஆனால் அது கதாநாயகி. அக்கா கத்தவே இல்லை. என் முட்டைக்கோஸுக்கு அடியில் என் அக்காவைப் போட்டு அடிக்கிறான். இத்தனை வருஷமாக.

ஊசி ஸ்கூட்டரை எடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

கதவைத் திறந்தது அவன்தான். வேர்வை. "வா வா. ஒன் படம்தான் ஓடுது." அக்கா சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். வாயெல்லாம் ரத்தம். ஒரு பல் தரையில்.

"போலீசுக்குப் போறேன்" என்றேன்.

திரும்பக்கூட விடவில்லை. விரித்த கையால் இடது காதில் ஓங்கி ஒன்று விட்டான். உள்ளே என்னவோ கிழிந்தது. விழுந்தேன். விலாவில் மிதித்தான், செருப்புக் காலோடு. பிறகு போய் டி.வி.யை நிறுத்தினான், சட்டையை உள்ளே சொருகினான், கடைக்கு இறங்கிப் போனான். ஒன்றுமே நடக்காத மாதிரி! ஊசிதான் மேலே வந்து அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

இடது காதில் 'ங்' என்று ஒரே சத்தம். டாக்டர் சவ்வு போய்விட்டது என்கிறார்.

1991 ஜூன் 21

போலீஸ்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். "படம் ஓடிட்டிருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எது படம், எது அடின்னு போன்ல எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

தையற்காரரைக் கேட்டார்கள். "படம்னு நெனச்சோம் சார்."

அக்காவைக் கேட்டார்கள். வாய் வீங்கியிருந்ததால் மெதுவாகச் சொன்னாள். "வழுக்கிட்டேன்."

என் காது? வீட்டுக்குள் புகுந்து சண்டை போட்டது நான்தானாம். சமாதானமாகப் போங்கள் என்றார்கள்.

அக்காவை அவனோடு அனுப்பிவைத்தாள் அம்மா. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றாள். அணைத்தானே, நானும் பார்த்தேன். டி.வி.யை.

1992 மே 9

அக்காவுக்குப் பெண் குழந்தை. நான் போய்ப் பார்க்கக் கூடாதாம்.

1998 அக்டோபர் 6

ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சுருள், டேப் எல்லாம் பின்கட்டில். பழைய சத்தங்களை உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்று ஊசி ஒரு பொத்தானைத் தட்டினார். என் குத்து. இன்னொன்றைத் தட்டினார். என் உதை. விரலை வைத்தால் போதும், எத்தனை பேரை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

அந்த ஜூனுக்குப் பிறகு நான் சண்டைக்குச் சத்தம் போடுவதில்லை. காலடி, பாத்திரம், மழை, சேலைச் சரசரப்பு. ஒற்றைக் காதுக்கு அது போதும். இடப்பக்க ஸ்பீக்கரில் என்ன போகிறது என்று ஊசி சொல்லித்தான் தெரியும்.

"இந்த அடியெல்லாம் அழிச்சிடட்டுமா?" என்று கேட்டார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து.

அழித்தால் மட்டும்? ஊரில் எத்தனை கேசட்.

2004 ஜூலை 11

அம்மா போய்விட்டாள். அக்கா வந்தாள், அவன் காரிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் தாடை ஒருபக்கமாகக் கோணியிருக்கிறது. கட்டிப்பிடித்தபோது முதுகில் கை பட்டதும் துள்ளினாள்.

"எப்படிக்கா இருக்கே?"

"புதுசா ஸ்பீக்கர் வாங்கியிருக்கார். ரூம் சுத்தியும்" என்றாள். அவ்வளவுதான்.

அவள் மகள் சுவரோரம் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையில் என் நம்பரை எழுதி மூடினேன். "எப்ப வேணா கூப்பிடு. நான் உன் சித்தி."

"தெரியும்" என்றாள் குழந்தை. "பாத்ரூம்ல அம்மா சொல்லுவாங்க."

2012 பிப்ரவரி 7

அக்கா மகள் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். அலமாரியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனது போல் நடித்திருக்கிறாள்.

முழுக்கப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

சுவர் அகலத்துக்கு டி.வி. அதில் கார்கள் வெடிக்கின்றன. அவன் சாப்பிட்ட தட்டோடு எழுந்து வருகிறான், தட்டாலேயே அக்கா முகத்தில் அடிக்கிறான். அவள் கையைத் தூக்கி மறைக்கிறாள், அந்தக் கையைப் பிடித்து முறுக்குகிறான். முடியைப் பிடித்து உயரமான அந்த ஸ்பீக்கர் மேல் தலையை மோதுகிறான். மறுபடியும். மறுபடியும். நடுவில் ஒருமுறை நின்று, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் ஏற்றுகிறான்! அவசரமே இல்லை. வேலை செய்கிறவன் மாதிரி. அவளும் அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்து அதற்கேற்ப உடம்பைத் திருப்புகிறாள்.

உடனே கூப்பிட்டேன். "போலீசுக்குப் போலாம்மா, நான் வரேன்."

"நெட்ல போட்டுட்டேன் சித்தி."

2012 பிப்ரவரி 9

ஊரே பார்த்துவிட்டது. தெரியாத தேசத்தவர்கள் எல்லாம் கீழே எழுதுகிறார்கள். சிலர் அழுகிறார்கள். ஒருவன் "அவள் என்ன செய்தாளோ" என்று எழுதியிருக்கிறான். எவனோ அதற்குப் பாட்டும் வேடிக்கைச் சத்தமும் சேர்த்து மறுபடி விட்டிருக்கிறானாம். அடிச் சத்தம் யாருடையது என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

நேற்று ஒரு கும்பல் கடைக் கண்ணாடியில் கல்லெறிந்து, வரிசையாக வைத்திருந்த டி.வி.களை எல்லாம் உடைத்ததாம். கல்லெறிந்தவர்களில் தையற்காரரின் மகனும் உண்டு. அந்தக் களேபரத்தில் மகள் அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அவனைக் காணோம். போலீஸ் தேடுகிறது.

அக்கா என் கட்டிலில் தூங்குகிறாள். கதவு அடைபடும் ஒவ்வொரு முறையும் தூக்கத்தில் முழங்கையைத் தூக்குகிறாள்.

2012 பிப்ரவரி 12

காலை. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் இடியிலேயே தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போனது. கடை ஷட்டரைத் தூக்கும் கம்பி அவன் கையில். என்னைத்தான் முதலில் அடித்தான், தோளில், எலும்பு நொறுங்கியது. மகள் போனை எடுக்க ஓடினாள். முடியைப் பிடித்து இழுத்து அவளைத் தரையில் போட்டான். "படமாடி புடிக்கிறே? படமா? இந்தா புடி." கம்பியை ஓங்கினான்.

அக்கா பின்னாலிருந்து இஸ்திரிப் பெட்டியால் அடித்தாள்.

சூடாக இருந்தது அது. அவன் மண்டியிட்டான். திரும்பி அவளைப் பார்த்தான், நம்பவே முடியாதவன் போல. அவள் இன்னொரு தடவை அடித்தாள். அந்தச் சத்தம் என் நல்ல காதில் விழுந்தது. அது எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன்.

இந்தத் தடவை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். அவன் சாகவில்லை.

போலீஸ் வந்து கேட்டது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "நான்தான் அடிச்சேன். அவர் ஒண்ணும் வழுக்கி விழல."

அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

2012 மார்ச் 3

அக்காவுக்கு ஜாமீன். ஊசி கையெழுத்துப் போட்டார். கண் சரியாகத் தெரியாமல், எங்கே என்று கேட்டுக்கேட்டு.

2013 நவம்பர் 28

வீடியோவைக் கோர்ட்டில் போட்டார்கள். தொடங்கியதுமே கார் வெடிக்கும் சத்தம் அறை முழுக்க. நீதிபதி கையை உயர்த்தினார். "சத்தத்தை நிறுத்திட்டுக் காட்டுங்க."

நிறுத்தினார்கள். அப்படியொரு அமைதியில் அதை நான் பார்த்ததில்லை. அவன் வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மட்டும் திரையையே பார்த்தான், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயோடு. அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

2014 ஜனவரி 17

அவனுக்குச் சிறை. அக்கா தன்னையும் மகளையும் காத்துக்கொள்ளவே அடித்தாள் என்று விடுவித்துவிட்டார்கள். வெளியே வந்து மூவரும் டீ குடித்தோம். "சக்கரை அதிகம்" என்றாள் அக்கா.

2014 செப்டம்பர் 23

தோள் வலி. மழை வரும்.

மேல்வீட்டுக்காரர் தினமும் துணியைப் பிழியாமலே கொடியில் போடுகிறார். தண்ணீர் எல்லாம் எங்கள் ஜன்னலில். நான் பல மாதமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று மத்தியானம் அக்கா வெளியே போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஏங்க! மேல இருக்கறவங்களுக்குத்தான் கண்ணில்லையா, இல்ல கீழ இருக்கறவங்கள மனுசங்களாவே கணக்கில்லையா? ஒரு துணியப் புழிய வக்கில்ல, வெள்ளச் சட்டை வேற கேக்குது!"

அவர் என்னவோ முணுமுணுத்தார். விடுவாளா? அவருடைய அழுக்குத் துணி, கொடி, வீட்டுச் சொந்தக்காரர், எல்லோரையும் ஒரு சுற்று இழுத்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

சமாதானம் பேசலாம் என்று எழுந்து வாசல்வரை போனேன்.

"நீ உள்ள போடி. நான் பேசிட்டிருக்கேன்ல" என்றாள்.

உள்ளே வந்து டீக்குத் தண்ணீர் வைத்தேன். கொதித்து இறக்குவதற்குள் மேல்வீட்டுக்காரர் கொடியை அவிழ்த்து அந்தப் பக்கமாகக் கட்டிவிட்டார்.