கரையான் ஏறாத மரம்

நாமகிரிப்பேட்டை
10.6.2024

அன்புள்ள அம்மிணி தனப்பிரியாவுக்கு,

அப்பன் எழுதுவது. கரையானை விடும்வரை உன்னிடம் பேசமாட்டேன் என்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொன்னதாக நினைவில்லை. எனவே பஸ் கண்டக்டர் அறிவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மர டிப்போ வாசலில் 'கரையான் ஏறாத மரம் இங்கே கிடைக்கும்' என்று போர்டு தொங்குகிறது. லாரி பாடி கட்டுகிறவர்கள் நாமக்கல்லிலிருந்து அதை நம்பித்தான் வருகிறார்கள். அந்தக் கடைக்காரன் மகள் சேலத்து ஆய்வகத்தில் டப்பா டப்பாவாகக் கரையான் வளர்க்கிறாள். எதிர்க்கடை குணசீலன், "ஏனுங்க மாமா, பாப்பா வளர்த்து உட, நீங்க மருந்தடிக்க, நல்ல ஏற்பாடுங்க" என்கிறான்.

மழைக்குக் கிளம்பிய ஈசலை ஊரே வறுத்துத் தின்றது. நீ பிடித்து ஜோடி சேர்த்து வைத்திருக்கிறாயாம். உனக்கு வரன் பார்க்கிற வயதில் நீ ஈசலுக்குப் பார்க்கிறாய். கொல்வதற்கென்றே ஒன்றை வளர்ப்பார்களா?

கோபமாக இருக்கும் அப்பன்,
ராசப்பன்

சேலம்
13.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபத்தோடு வந்த முறுக்கு நன்றாக இருந்தது.

கொல்வதற்கென்று வளர்ப்பதா என்று நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்து கேட்கலாமா அப்பா? கோழிகள் காதில் விழுந்துவிடும்.

கரையான் தானும் தின்று, புற்றுக்குள் இருப்பவற்றுக்கும் ஊட்டிவிடுகிற மருந்து ஒன்றைத் தேடுகிறோம். சோதித்துப் பார்க்க ஆரோக்கியமான கரையான் குடும்பங்கள் வேண்டும். ஈரம் கூடினால் பூஞ்சணம், குறைந்தால் சுருண்டு செத்துவிடும். செப்டம்பரில் ஆய்வுக் குழு வரும்போது டப்பாக்களில் குஞ்சுகள் நடமாட வேண்டும். இல்லையென்றால் ஆய்வுத் தலைப்பை மாற்றிவிடு என்று பேராசிரியை ஜெயப்பிரியா சொல்லிவிட்டார். இதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

இங்கே கிடைக்கிற பிளைவுட்டை அவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டிப்போவிலிருந்து கொஞ்சம் மரம் அனுப்புவீர்களா?

உங்கள் மகள்,
தனப்பிரியா

நாமகிரிப்பேட்டை
20.6.2024

அம்மிணிக்கு,

மரம் கேட்டு வந்தவரை ராசப்பன் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. முதல்தரத் தேக்கு வருகிறது. வழியில் பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று கரையான் எண்ணெயை இரண்டு கை கூடுதலாகவே பூசியிருக்கிறேன். நல்ல மரம் எப்படி இருக்கும் என்று உன் கரையான்களும் ஒருதரம் பார்க்கட்டும்.

அப்பன்

சேலம்
25.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் வந்தபோது நான் பனமரத்துப்பட்டிக்கு மண் எடுக்கப் போயிருந்தேன். கூடப் படிக்கும் யோகேஷ் மிகவும் நாகரிகமானவன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று அதை என் மேசையில் வைத்துவிட்டு, மரத்தை மட்டும் பிரித்து, சீவி, பாதி டப்பாக்களுக்குப் படைத்துவிட்டான். மறுநாள் அவற்றில் ஒன்றும் அசையவில்லை.

உங்கள் போர்டு பொய் சொல்லவில்லை அப்பா.

மீதி டப்பாக்கள் பட்டினி கிடக்கின்றன. எண்ணெய் படாத, மழையில் ஊறிய, மட்டமான மரம் வேண்டும். கரையான் ஏற்கனவே ருசி பார்த்ததாக இருந்தால் இன்னும் உத்தமம். உங்களிடம் அப்படி எதுவும் இருக்காது. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். கேட்க வேறு ஆள் இல்லை.

தனப்பிரியா

நாமகிரிப்பேட்டை
27.6.2024

அம்மிணிக்கு,

எண்ணெய் படாத மரம் என் டிப்போவில் விற்பனைக்குக் கிடையாது. இத்துடன் வருவது விற்பனைச் சரக்கு அல்ல. எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. ஒரு பக்கம் பெயிண்ட் இருக்கும், சுரண்டிக்கொள். இந்த முறை கடிதத்தை மரத்துக்கு மேலேயே கட்டியிருக்கிறேன், யோகேஷும் படிக்கலாம். குணசீலன் கேட்டால் நான் ஒன்றும் அனுப்பவில்லை, நீ ஒன்றும் வாங்கவில்லை.

அப்பன்

சேலம்
17.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

மிஞ்சிய டப்பாக்கள் அத்தனையிலும் முட்டை, முட்டைக்குப் பின் குஞ்சு, இப்போது வேலைக்காரக் கரையான்கள் மண் சுமந்து பாதை போடுகின்றன. குழுத் தலைவர் தன் மூக்குக்கண்ணாடி டப்பாவில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "என்னம்மா தீனி போட்டே?" என்று கேட்டார். "நாமகிரிப்பேட்டை ராசப்பன் டிப்போ மரம் சார்" என்றேன். எழுதிக்கொண்டார். தலைப்பு நிலைத்தது. இனி மருந்துச் சோதனைதான்.

நீங்கள் அனுப்பிய அந்த மாம்பலகையின் மேல்பூச்சைச் சுரண்டும்போது அடியிலிருந்து முதலில் 'கிடைக்கும்' வந்தது. 'ஏறாத' என்று எழுதியிருந்த இடத்தில்தான் பின்னாலிருந்து கரையான் அதிகமாக ஏறியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை அப்பா. அன்று ஆய்வகத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான்.

கரையானை விடுவதாக இல்லை. நீங்களும் பேசுவதாக இல்லையா?

உங்கள் மகள்,
தனப்பிரியா

நாமகிரிப்பேட்டை
20.9.2024

அன்பு மகளுக்கு,

நல்ல மரம் விற்பதற்கு. போர்டுக்குப் பெயிண்ட் போதும். வியாபாரம் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

போர்டைக் காணோம் என்றதும் குணசீலன், ராசப்பன் டிப்போவைக் கரையான் தின்றுவிட்டதாக ஊரெல்லாம் சொன்னான். உன் கடிதம் வரட்டும் என்று பொறுத்திருந்தேன். நேற்று தகரத்தில் புது போர்டு மாட்டியாயிற்று. முதல் வரி பழையதுதான். இரண்டாவது வரி: 'சேலம் ஆராய்ச்சிக் கரையான்களுக்கு மரம் வழங்குவோர்.' பெயிண்டர், "ரெண்டும் ஒத்து வரலீங்களே" என்றார். "ரெண்டும் நெசந்தானுங்க, எழுதுங்க" என்றேன். குணசீலன் கடையை விட்டு இறங்கி வந்து படித்தான். நேற்றிலிருந்து மாமா என்று கூப்பிடவில்லை, ஐயா என்கிறான்.

சொன்ன சொல்லை நான் மாற்றுகிறவன் இல்லை. ஆனால் சரக்கு அனுப்புகிறவன் வாங்குகிறவரிடம் பேசாமல் எப்படித் தொழில் நடக்கும்? இன்று சாயங்காலம் கூப்பிடுகிறேன். வியாபாரப் பேச்சுதான். உடனே எடு சாமி.

உன் அப்பன்,
ராசப்பன்
மரம் வழங்குவோர்