ஆர்கன் இசைத்தட்டும் ஜீனத்தின் காதும்

நவம்பர் 3, ஞாயிறு

கொடைக்கானலில் யாரோ வெள்ளைக்கார வாத்தியார் வீட்டைக் காலி செய்தாராம். என் கணவர் அக்மல் அந்தக் குப்பையை வாரிக்கொண்டு வந்துவிட்டார். இடுப்பு உயர மர ஸ்பீக்கர் பெட்டி, ஒரு பிளேயர், ஒரே ஒரு இசைத்தட்டு. அட்டையில் ஊதாக் கோட்டு ஆசாமி ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் சிரிக்கிறார்.

"ஜாஸ் மியூசிக்கு, முஹ்சி. அம்பத்தஞ்சு வருசம் முந்துனது. ஆத்மாவோட வாசிக்கிறாரு."

தோல் மண்டி நடத்தும் இவருக்கு ஆத்மா வேறு. எனக்கென்னவோ சர்ச்சுக்குள் கொத்து பரோட்டா போடுவதுபோல் இருக்கிறது. இவர் அம்மா, என் மாமி, "ஷைத்தான் பொட்டி" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இம்புட்டு சத்தத்திலும் கட்டிலில் குழந்தை ஜீனத் தூங்கினாள்.

நவம்பர் 5

குக்கர் விசில். பத்து மாதப் பிள்ளை திரும்பவே இல்லை. மதுரை டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். "இவ அத்தாவும் எல்லாத்துலயும் நிதானந்தான்" என்கிறார் மாமி. அவர் மகனின் லட்சணம்தான் தெரிகிறதே.

நவம்பர் 10

ஜீனத் ஆடினாள். பெட்டியில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஆர்கன் அடித்தொண்டையில் உறுமியதும் தோளைக் குலுக்கினாள். நிறுத்தினால் நிற்கிறாள், போட்டால் ஆடுகிறாள்.

"காது கேக்கலன்னியே?" என்றார் அக்மல். அழுதுவிட்டேன்.

மாமி: "ஏலே அக்மலு, அந்த ஷைத்தான இன்னொருக்காப் போடு."

மதுரையை ரத்து செய்தேன்.

நவம்பர் 21

நான் எம்.எஸ்சி. இயற்பியல். சான்றிதழை அடுப்பில் போடலாம்.

இன்று அவளைப் பெட்டியிலிருந்து தள்ளி, பஞ்சு மெத்தையில் உட்காரவைத்துத் தட்டைப் போட்டேன். சாக்ஸைக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவளுக்கு சாக்ஸ்தான். தூக்கிப் பெட்டியில் சாய்த்தேன் — ஆடினாள்.

மரம் அதிர்கிறது. அது முதுகில் தெரிகிறது. அவ்வளவுதான். பதினோரு நாளா என்னத்தப் பாத்துட்டு இருந்தேன்?

நவம்பர் 22

மறுபடி நேரம் வாங்கியாச்சு. அக்மல் தட்டை உறையில் போட்டு பீரோ மேல் வைத்தார்.

டிசம்பர் 5, மதுரை

இரண்டு காதும் கேட்கவில்லை. கருவி வைத்தால் கேட்கும் என்கிறார் டாக்டர். மாமி வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அந்த மட்டும் அல்லா காப்பாற்றினான்.

ஜனவரி 5, ஞாயிறு

நேற்றுக் கருவி வந்தது. காலையில் மாட்டிவிட்டுப் பின்னாலிருந்து "ஜீனத்" என்றேன். திரும்பினாள். சும்மா இன்னொருக்கா கூப்பிட்டேன். திரும்பினாள்.

அக்மலுக்குப் பொறுக்குமா. ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்தார். அவளைப் பெட்டியில் சாய்த்து, சத்தத்தைக் குறைத்துப் போட்டார். மாமிகூட வந்து நின்றார்.

ஜீனத் ஆடவில்லை. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதபடி என்னிடம் தவழ்ந்து வந்துவிட்டாள்.

சர்ச் கொத்து பரோட்டா அவளுக்கும் ஆகவில்லை. என் மகள்.