பழவாசம் எழும் நிமிஷம்

இன்று மேசை லாச்சியை இழுத்துத் துடைக்கும்போது உன் மூக்கு மருந்துப் போத்தல் உருண்டு வந்தது மச்சான். முகர்ந்து பார்த்தேன், எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. நீ செத்து ஒரு வருஷமாகியும் உன்மேல் உள்ள பொறாமை அடங்கவில்லை பார்.

தொண்ணூறுகளில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைப் பெக்டரியில் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை வாடை போய்ப் பழவாசம் எழும். அந்த நிமிஷத்தை மூக்கால் பிடித்து, கொழுந்தை உலர்த்தும் ட்ரையருக்கு அனுப்பச் சத்தம் கொடுக்கும் வேலை உனக்குக் கிடைத்தது. என் மூக்கு மட்டும் என்ன சளைத்ததா? பெக்டரி ஐயாவோ உன்னைத்தான் கேட்பார்.

பிறகு உனக்குத் தும்மல், நீர்வடிதல், கடைசியில் வாசமே தெரியவில்லை. கண்டி டாக்டரிடம் நானும் கூட வந்தேன். தேயிலைத் தூசு பெரிய எதிரியே இல்லையாம். மூக்கின் உள்தோலில் இருக்கும் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையென்று நினைத்து, தூதுப் பொருட்களை விட்டு ஆள் கூப்பிடுமாம். வந்தவையும் தூது விட, சதை வீங்கி வழி அடைபடுமாம். அந்தத் தூதை அடக்கத்தான் இந்த மருந்து, விடாமல் அடிக்க வேண்டும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஐயாவுக்குத் தெரிஞ்சா வேல போயிரும்டா. நீ மோந்து காட்டு, நான் சத்தம் குடுக்குறேன்."

அன்றிலிருந்து நான் மூக்கைத் தடவினால் நீ குரல் கொடுப்பாய். மூக்கு என்னுடையது, பேர் உன்னுடையது. ஒரு நாள் ஐயா வந்து உன் தோளில் தட்டிப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சற்று நேரத்தில் பழவாசம் எழுந்தது. நான் மூக்கைத் தொடவில்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நேரம் தப்பிக் கொழுந்து முழுதும் கெட்டது.

ஐயா கேட்டபோது நீ என் பேரைச் சொல்லவில்லை. மூக்கு அடைத்துவிட்டது என்று சொல்லித் தப்பை உன்மேலேயே போட்டுக்கொண்டாய். உன்னை மூட்டை தூக்கப் போட்டார்கள். உன் இடம் எனக்கு வந்தது.

அன்று மாலை என்னிடம் கேட்டாய். "ஒனக்கு வாசம் வரலியாடா?"

வரவில்லை என்றேன்.

"ஒனக்கும் தூசு ஏறியிருக்கும். இத அடி" என்று பாதி மருந்து இருந்த இந்தப் போத்தலை என் கையில் வைத்தாய். அதற்குப் பிறகு நீ வேறு வாங்கவில்லை. கடைசிவரை உனக்கு வாசம் திரும்பவும் இல்லை.

நான் அதை ஒரு தரம்கூட அடிக்கவில்லை. என்னை அப்படி நம்ப உன்னால் முடிந்ததே, அதுதான் இப்போது என் வயிற்றெரிச்சல். இன்றைக்கும் பழவாசம் எழுந்ததும் கை தானாக மூக்குக்குப் போகிறது மச்சான். நீ நின்ற இடத்தைப் பார்க்காமல் நானே சத்தம் கொடுக்கிறேன்.