நாலு பாஸ்போட்டும் ஒன்பதாம் மாடியும்

ஓகஸ்ட் 16, வெள்ளி

வெக்கை. காலமை ஆறு மணிக்கே பஸ் ஸ்ரொப்பில வேர்த்து வழிஞ்சுது. இண்டையோட ரெண்டு கிழமை லீவு. கடைசி மணித்தியாலம் பக்ரறியில மஃபின் பெட்டி ஒட்டேக்கை கை தன்ரபாட்டில போச்சுது, மனம் ஜேர்மனியில.

சுப்பவைசர் மனிசி கேட்டாள், எங்கை ஹொலிடே எண்டு. மூத்த மகனைப் பாக்கப் போறம் எண்டன். கடைசியா எப்ப பாத்தது? பதினொரு வருசம் எண்டன். கையுறையைக் கழட்டிப்போட்டு என்னைக் கட்டிப்பிடிச்சாள். இவ்வளவு நாளும் வாய் திறந்தால் ஏச்சுத்தான் வரும்.

இந்தக் கொப்பி மகள் சுமதி வாங்கித் தந்தது. "பயணத்தை எழுதி வையுங்கோ அம்மா, பிறகு மறந்துபோடுவியள்." நான் மறக்கிற ஆளோ. எண்டாலும் எழுதுறன். ஒருத்தரும் வாசிக்கக்கூடாது. இவர் மூக்குக்கண்ணாடி தேடி எடுக்கிறதுக்குள்ள நான் மூடிப்போடுவன். சின்னவன் குகன் தமிழெண்டால் பேப்பரே வாசிக்கான்.

விசயம் இதுதான். ரவி 85இல வெளிக்கிட்டவன், இருவது வயசு. இவர் 87இல இஞ்சை கனடாவுக்கு வந்து, 90இல என்னையும் மற்ற ரெண்டு பேரையும் கூப்பிட்டவர். ரவி ஜேர்மனியில மாட்டுப்பட்டுப் போனான். அகதி வழக்கு இழுபடுது. ஆறு மாசத்துக்கொருக்கா ஒரு கடுதாசி குடுத்து வைச்சிருக்கிறாங்கள், நாட்டை விட்டு வெளிக்கிடேலாது. எங்களாலயும் சிற்றிசன்சிப் கிடைக்குமட்டும் அசையேலாமல் போச்சு. இந்தப் பங்குனியில பாஸ்போட் வந்தது, நாலு. செப்ரெம்பரில அவனுக்குக் கடைசி விசாரணை. அதில தோத்தால் கொழும்புக்குத் திருப்பி ஏத்திப்போடுவாங்கள். அதுக்கு முதல் ஐஞ்சு பேரும் ஒரு வீட்டில இருந்து ஒருக்காச் சாப்பிடவேணும். வேற ஒண்டும் வேண்டாம் எனக்கு.

பிளேன் வியாழன் 22, பின்னேரம்.

ஓகஸ்ட் 17, சனி

கொண்டுபோறது:
கறித்தூள் 2 கிலோ (வறுத்து அரைச்சாச்சு)
பயத்தம் பணியாரம், முறுக்கு (செவ்வாய் சுடவேணும்)
கருவாடு. சுமதி கூடாதாம். இவரின்ர சூட்கேசில உடுப்புக்கு நடுவில வைப்பம்.
இவரின்ர பிறஷர் குளிசை
ரவிக்கு லோங்ஸ் 2, சேட் 3

லோங்ஸ் வாங்கேக்கை சண்டை. நான் இடுப்பு முப்பது எடுத்தன். சுமதி அதை வாங்கி வைச்சுப்போட்டு முப்பத்தினாலை எடுத்தாள். "அம்மா, அண்ணாக்கு இப்ப முப்பத்தொரு வயசு." என்ர பிள்ளையின்ர இடுப்பு எனக்குத் தெரியாதோ எண்டன். தெரியாது எண்டு அவள் சொல்லேல்லை, முப்பத்தினாலைத்தான் கவுண்டரில குடுத்தாள். சரி, பெருத்தால் பிடிச்சுத் தைக்கலாம்.

பின்னேரம் இவர் கடையில சும்மா குடுத்த தமிழ்க் கலண்டரோட வந்து நிண்டார்.

"இஞ்சரும், வியாழன் அட்டமி. பிளேன் எழும்பேக்கை நவமி தொடங்கியிடும்."

ரிக்கற் எடுக்கேக்கை இந்தக் கலண்டர் எங்கை போனது? ஏஜென்றின்ர கொம்பியூட்டரில அட்டமி நவமி காட்டாது. எல்லாரும் லீவு எடுத்தாச்சு, மாத்தேலாது எண்டு சொல்லிப்போட்டன்.

மனிசன் விடேல்லை. திங்கள் நல்ல நாளாம். அண்டைக்கு நல்ல நேரம் பாத்து ஒரு பயணப் பையைக் கொண்டுபோய் வேற வீட்டில வைச்சால், அண்டைக்கே பயணம் வெளிக்கிட்ட கணக்காம். இவரின்ர தகப்பன் கொழும்புக்குப் போறதெண்டாலும் அப்பிடித்தான் செய்யிறவராம். செய்யுங்கோ எண்டன். ஒரு பையால எனக்கென்ன வரப்போகுது.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

தூறல். உடுப்பு தோய்ச்சு முடிஞ்சுது.

ரவி போன் எடுத்தான். "அம்மா, எயார்போட்டுக்கு வரப் பேமிசன் எடுத்திட்டன். வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும்." தன்ர ரவுணை விட்டுப் போறதெண்டாலும் அவனுக்குக் கடுதாசி வேணும். அண்டைக்கு விட்டால் திரும்பத் தரமாட்டாங்களாம். றெஸ்ரோறண்டில குசினி வேலை, அங்கையும் கெஞ்சித்தான் லீவு எடுத்தவன்.

"என்னை அடையாளம் தெரியுமோ அம்மா?" எண்டு சிரிச்சான்.

பெத்தவளுக்குத் தெரியாதோடா எண்டன். படம் அனுப்பு, படம் அனுப்பு எண்டு எத்தினை தரம் கேட்டன். கடைசிப் படம் வந்து ஏழு வருசம். கேட்டால் ஏதாவது சாட்டு.

குகனிட்டைப் போனைக் குடுத்தன். "ஹாய் அண்ணா. ஓம். ஓம். ஓகே." முடிஞ்சுது. வைச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சொல்லுறான், "என்னத்தைக் கதைக்கிறதம்மா? ஐ டோன்ற் ஈவன் நோ ஹிம்." கோவம் வந்திட்டுது. பிறகு யோசிச்சன். ரவி போகேக்கை இவனுக்கு ஒன்பது வயசு. இவன் சொல்லுறதும் சரிதான்.

ஓகஸ்ட் 19, திங்கள்

நல்ல வெயில். ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் ராகுகாலம். இவர் ஐஞ்சு மணிக்கே முழுகி விபூதி பூசிக்கொண்டு குந்தியிருக்கிறார்.

திடீரெண்டு ஒரு சந்தேகம். கலண்டரில போட்டிருக்கிறது ஊர் நேரமோ, இஞ்சத்தை நேரமோ? தவம் அண்ணைக்குப் போன் அடிச்சுக் கேட்டார். அவரும் பெண்சாதி செல்வி அக்காவும் எங்கட பில்டிங்கிலதான், ஒன்பதாம் மாடி. நாங்கள் பதினாலு. "இஞ்சத்தைச் சூரியன் இஞ்சைதானே எழும்புது, இஞ்சத்தை நேரத்தைப் பாருங்கோ" எண்டாராம். பை போறதும் அவையின்ர வீட்டுக்குத்தான்.

குகன்: "சேம் பில்டிங் அப்பா. டஸ் இற் கவுன்ற்?"

இவர்: "கதவு நம்பர் வேற, வீடு வேற."

ஒன்பது நாப்பதுக்கு நீலப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். ஒருத்தரோடையும் கதைக்கக்கூடாதாம், திரும்பிப் பாக்கக்கூடாதாம். எலிவேற்றரில பன்னிரண்டாம் மாடிச் சீனத்து மனிசி ஏறி ஹலோ சொல்லியிருக்கிறா. இவர் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டவராம். பாவம் மனிசி, என்ன நினைச்சுதோ. செல்வி அக்கா பையைச் சாமிப்படத்துக்குக் கீழ வைச்சாவாம்.

இப்ப இவரின்ர முகத்தில ஒரு தெளிவு. அதுக்கு எண்டாலும் நல்லம்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

பணியாரம் அறுவது. முறுக்கு ஒரு வாளி. கை முழுக்க எண்ணெய் தெறிச்சு எரியுது.

பின்னேரம் முழுக்கச் சனம். ஜேர்மனிக்குப் போறம் எண்டு ஆருக்குச் சொன்னன்? ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாலு பேர் பார்சலோட வந்திட்டினம். "சின்னச் சாமான்தான் அக்கா, மச்சாளுக்கு." பிரிச்சுப் பாத்தால் இடியப்ப உரலும் ஒரு பிறஷர் குக்கரும். ஏலாது எண்டு முகத்துக்கு நேர சொன்னன். ஒராளின்ர கடிதம் மட்டும் வாங்கினன், அதுவும் ஒட்டாமல் தந்தபடியால்.

ஓகஸ்ட் 21, புதன்

கோவத்தில எழுத்து வருகுதில்லை.

வேலையால வந்த சுமதி, "பாஸ்போட்டுகளைத் தாங்கோ அம்மா, போட்டோக்கொப்பி எடுத்து வைப்பம்" எண்டாள். லாச்சியைத் திறந்தால் இல்லை. அலுமாரி, சூட்கேஸ், மெத்தைக்குக் கீழ, ஒண்டிலயும் இல்லை. இவர் ரிவி பாத்துக்கொண்டு இருக்கிறார்.

"அது கீழ, பைக்குள்ள."

எந்தப் பை எண்டன். நீலப் பை. "வெறும் உடுப்பை வைச்சுப்போட்டு வெளிக்கிட்டம் எண்டு சொல்லேலுமே? எது இல்லாமல் போகேலாதோ அதை வைக்கவேணும். அதுதான் முறை." சரி எண்டு ஒன்பதாம் மாடிக்கு ஓடினன். தட்டினன், தட்டினன், சத்தமில்லை. எதிர்வீட்டுக் கயானா மனிசி கதவைத் திறந்து சொன்னா, அவை நேற்று இரவு அழுதுகொண்டு காரில வெளிக்கிட்டவையாம், எங்கை எண்டு தெரியாதாம்.

மேல வந்து நான் கத்தின கத்து பதினைஞ்சாம் மாடிக்கும் கேட்டிருக்கும். எழுதேலாது.

பிறகு போனை எடுத்துக்கொண்டு இருந்தன். அழுதுகொண்டு போனதெண்டால் செத்தவீடு. எங்கட ஆக்களில ஒருத்தர் செத்தால் அரைமணித்தியாலத்தில நாப்பது வீட்டுக்குத் தெரியும். அந்த நாப்பதில ஒண்டைப் பிடிச்சால் சரி. பிக்கரிங் வதனி, தெரியாது. பிறம்ரனில இவரின்ர மச்சான், வீட்டில இல்லை. கோயில் ஐயர், தெரியாது. யூனியன்வில்லில செல்வி அக்காவோட வேலை செய்யிற பிள்ளை எடுத்த உடன சொன்னாள், தவம் அண்ணையின்ர சித்தப்பா மொன்றியலில மோசம் போனவராம். நம்பரும் தந்தாள்.

செத்தவீட்டுக்குப் போன் பண்ணி எப்பிடிப் பையைக் கேக்கிறது? பின்னால ஒப்பாரி கேக்குது. என்ன நடந்தது, எப்ப எடுக்கினம் எல்லாம் விசாரிச்சுப்போட்டு, கடைசியில சொன்னன். வெக்கமாக் கிடந்தது. தவம் அண்ணை தங்கமான மனிசன். "யோசியாதேங்கோ தங்கச்சி. பில்டிங் சுப்பறின்ரண்டனிட்டைச் சாவி இருக்கு. திறக்கச் சொல்லி நான் கதைக்கிறன்."

சுப்பறின்ரண்டன் சாப்பாட்டுக் கோப்பையோட வந்து நிண்டான். போனில சொன்னால் காணாதாம், வீட்டுக்காரன் கையெழுத்து வைச்ச கடிதம் வேணுமாம். காலமை ஒன்பது மணிக்கு ஒபிசுக்கு வரட்டாம். அவனிலயும் பிழை சொல்லேலாது.

வந்து இருக்க, இவர் மெல்லக் கேக்கிறார், "செத்தவீட்டுக்காரற்றை வீட்டில இருந்த பை. துடக்கில்லையோ?" நான் பாத்த பார்வையில சுமதி எழும்பி அறைக்குள்ள போயிட்டாள். கனடா அரசாங்கம் குடுத்த பாஸ்போட்டுக்குத் துடக்கு இல்லை எண்டன்.

இவர் ரிவியை நிப்பாட்டினார். பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார், "85இல பெடியனை ராகுகாலத்தில வெளிக்கிடுத்தினது நான்தான். வான்காரன் அவசரப்படுத்தினான், ஏறு எண்டு நான்தான் ஏத்திவிட்டனான். அதாலதான் அவன் இன்னும் ஒரு இடத்தில ஊண்டேலாமல் திரியிறான்."

பதினொரு வருசம் வயித்துக்குள்ள வைச்சிருந்திருக்கிறார். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இருந்த கோவம் எங்கை போச்சோ தெரியாது, எனக்கு அழுகை வந்திட்டுது. அண்டைக்கு வான் வந்ததே பெரிய காரியம், ஏத்தாமல் விட்டிருந்தால் பிள்ளை இண்டைக்கு உயிரோட இருக்கமாட்டான் எண்டன். தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். சீனி ரெண்டு கரண்டி, டொக்ரர் என்ன சொன்னாலும்.

ஓகஸ்ட் 22, வியாழன்

எயார்போட்டில இருந்து எழுதுறன். ஓம், எயார்போட்டில.

தவம் அண்ணை செத்தவீட்டை விட்டு வெளிக்கிட்டு, மொன்றியலில ஒரு தமிழ்க் கடைக்குப் போய், எங்கட பில்டிங்குக்குக் கீழ இருக்கிற கடைக்கு ஃபக்ஸ் அனுப்பினார். பத்து மணிக்குக் குகன் அதைக் கொண்டு ஓடிவந்தான். சுப்பறின்ரண்டன் அதை நேராப் பிடிச்சுப் பாத்தான், தலைகீழாப் பிடிச்சும் பாத்தான். பாவம் தவம் அண்ணை, கவலையில முழுக்கத் தமிழில எழுதிப்போட்டார். திரும்பப் போன். திரும்ப ஃபக்ஸ். பதினொண்டே காலுக்கு இங்கிலீசில வந்தது.

பதினொண்டரைக்குப் பை கையில. நாலு பாஸ்போட்டிலயும் விபூதி. சுமதி ரிசுவால துடைச்சாள், இவர் வாயைத் திறக்கேல்லை.

எயார்போட்டுக்குப் போற ராக்ஸி வந்தது ரெண்டேகாலுக்கு. வியாழன் ஒண்டரையில இருந்து மூண்டு ராகுகாலம், எனக்கே தெரியும். இவரைப் பாத்தன்.

"நாங்கள் திங்களே வெளிக்கிட்டாச்சு, ஏறும்" எண்டார்.

முப்பத்திரண்டு வருசத்தில முதல்தரம் மறுபேச்சில்லாமல் ஏறினன்.

குகன் இப்ப ஒரு கடைக்குள்ள போய்ப் பேஸ்போல் தொப்பி ஒண்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஆருக்கு எண்டு கேட்டன். "அண்ணாக்கு. சைஸ் தெரியாது, பின்னால அட்ஜஸ்ற் பண்ணலாம்." கூப்பிடுகினம்.

ஓகஸ்ட் 23, வெள்ளி. ரவி வீடு

பகல் ரெண்டு மணி. குளிர்மையான வெயில். சாமான் எல்லாம் வந்து சேந்தது, கருவாடும்.

இது எனக்கு மட்டும். வெளிய வரேக்கை நான்தான் முன்னுக்கு, ரொலியைத் தள்ளிக்கொண்டு. மெலிஞ்ச பெடியனைத் தேடிக்கொண்டு வாறன். முன்தலை வழுக்கை விழுந்த, கொஞ்சம் வயிறு வைச்ச ஒரு ஆள் வந்து ரொலியைப் பிடிச்சுது. போட்டராக்கும் எண்டு "நோ தாங்ஸ்" எண்டு இழுத்தன். அந்தாள் விடேல்லை.

"விடுங்கோ அம்மா, நான் தள்ளுறன்."

பகிடிக்குச் செய்தனான் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். எல்லாரும் சிரிச்சினம், அவனும் சிரிச்சான். நம்பினானோ தெரியாது. பகிடி இல்லை. என்ர பிள்ளையை எனக்குத் தெரியேல்லை. ரெயினில வரேக்கை முழுக்க அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். கை முழுக்கச் சுட்ட தழும்பு, குசினி வேலை.

ஒரு அறைதான் வீடு. விடியமுந்தி எழும்பிச் சமைச்சு வைச்சிருக்கிறான். சோறு, கோழி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. மேசையில ரெண்டு பேருக்குத்தான் இடம். நிலத்தில பேப்பர் விரிச்சு ஐஞ்சு பேரும் இருந்தம். குகன் தொப்பியை அவன்ர தலையில வைச்சான், அவன் அதோடயே இருந்து சாப்பிட்டான். இவர் மூண்டுதரம் சோறு வாங்கினார். நான் சாப்பிட்டனோ எண்டு ஞாபகமில்லை.

செப்ரெம்பரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

இப்ப எல்லாரும் நித்திரை. சுமதியும் குகனும் கட்டிலில. தகப்பனும் மகனும் நிலத்தில பாயில, மல்லாக்க. ரெண்டு பேரும் குறட்டை. ஒராள் விட மற்றாள் இழுக்குது, ஒரே சத்தம், கண்ணை மூடினால் எது ஆரெண்டு சொல்லேலாது. பதினொரு வருசம் கடிதம், கிழமைக்கொருக்கா போன். இவன் குறட்டை விடுறவன் எண்டு எனக்குத் தெரியாது.

பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்.