எங்க ஊர் பஸ்ஸுக்கு ஆள் இல்லையாம்

ஆகஸ்ட் 5, 2025
கீழே ஷூ கம்பெனியில் தையல் வேலை கிடைத்துவிட்டது. நவம்பரில் சேரணும். அங்கே நேராகப் போவது எங்க மலை பஸ் ஒண்ணுதான். அதையும் நிறுத்தப் போறாங்களாம், ஏற ஆள் இல்லையாம். "பஸ் நின்னா வேலையும் வேணாம் வசந்தி" என்றார் என் வூட்டுக்காரர் மோகன், சோத்தைப் பிசைந்துகொண்டே. எவ்ளோ சுளுவா சொல்லிட்டாரு!

ஆகஸ்ட் 11
கண்டக்டர் முனியன் அண்ணன் காதோடு சொன்னார்: வியாழக்கிழமை சாயந்தரம் மேலே வர்ற பஸ்ஸில் தலை எண்ணுவாங்களாம், கடைசி ஸ்டாப்பில் நின்று. வூடு வூடாகப் போய் ஆள் பிடித்தேன். "கீழ எனக்கு இன்னா வேலை?" என்றாள் பக்கத்து வூட்டு மாணிக்கம்மாள் அக்கா. சும்மா குந்திகினு போய்ட்டு வா, போதும் என்றேன்.

ஆகஸ்ட் 14
கீழே போய் சாயந்தர பஸ்ஸில் ஏறினோம், அறுபத்திரண்டு பேர். நாலாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் இழுக்கவில்லை. இறங்கி நடங்க என்றார் டிரைவர். இறங்கினோம். காலி பஸ் ஜம்முனு ஏறிப் போச்சு. ஏத்தத்துல நிறுத்தினா மறுபடி கிளம்பாதாம், நேரா கடைசி ஸ்டாப்தான்.

பாதி வழியில் எதிரே ஜீப். எண்ண வந்த அதிகாரி. "என்னம்மா கூட்டம், எங்க திருவிழா?" பஸ்ஸில் வந்தவங்களே நாங்கதான் சார் என்றேன். "பஸ்ஸுக்குள்ள இருக்கிறவங்களதான் எண்ணச் சொல்லியிருக்காங்க. ரோட்டுல நடக்கிறவங்கள இல்ல." பயணிகள் இல்லைன்னு எழுதி முடிச்சாச்சாம்.

அக்கா ஊர் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நியாயம்தான்.

ஆகஸ்ட் 18
மனு கொடுத்தோம். ஆள் இருக்கு, பஸ்ஸுக்குத்தான் தெம்பில்லைன்னு எழுதினேன்.

செப்டம்பர் 1
பஸ் நின்றுவிட்டது. அழுகையா வருது. யாருகிட்ட போய் சண்டை போடறது?

அக்டோபர் 9
புதுப் பஸ்ஸுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்காம். மனுவைப் படிக்கக்கூட ஆள் இருக்கு பாரேன்.

அக்டோபர் 27
புதுப் பஸ் வந்தது. என்னா அழகு, என்னா நீளம்! அந்த நீளத்துக்கு முதல் வளைவிலேயே திரும்பல. இனி அடிவாரத்திலிருந்துதான் கிளம்புமாம். நெற்றியில் எங்க ஊர்ப் பேர் மின்னுது. ஊருக்குத்தான் வராது.

நவம்பர் 3
வேலைக்குப் போனேன். விடியறதுக்கு முன்னே கிளம்பி ஏழு கிலோமீட்டர் இறக்கம். முப்பத்தொரு பேர். மோகன் டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் கேட்கவே இல்லை.

அடிவாரத்தில் அதே அதிகாரி, நோட்டும் கையுமாக. ஒவ்வொரு தலையாக எண்ணினார். "பாருங்க, பஸ் நிறைஞ்சிடுச்சு. இனிமே இந்த ரூட்டுக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டார். வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிக் குந்தினேன்.

பஸ் கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன். மோகன் டார்ச்சை அணைத்துவிட்டு மலை ஏறிக்கொண்டிருந்தார்.