டிவிடெண்ட் தராத கம்பெனி

மார்ச் 4

பொடியனுக்கு அக்கா எழுதுவது.

பங்கை மாற்றக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு என் மாடி அறையில் இருந்தவர்கள்: கட்டில் முனையில் நீ, ஜன்னலோரம் என் பெரியவன், அவன் முதுகுக்குப் பின்னால் அவன் மனைவி, இருக்கிற ஒரே நாற்காலியில் நான். சாட்சிக் கையெழுத்துக்காகக் கீழ்க்கடையில் சாவி செய்து தரும் சாவிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்து வாசலிலேயே நின்றார். நான் நாலாம் வகுப்புதான், ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நீ சொன்னாய்: "அக்கா, சோப்புக் கம்பெனி கிழடு தட்டிப்போச்சு. அந்தப் பங்கை வித்துட்டு இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில போடு. பெரியவன் பேரையும் சேர்த்துக்க, பத்திரமா இருக்கும்." தரகன் நீ, உனக்குத் தெரியும் என்று போட்டேன். சோப்புப் பங்கு உன் அத்தான் வாங்கியது. அவர் போன பிறகும் இருபத்திரண்டு வருஷம் தவறாமல் டிவிடெண்ட் வந்தது. அதை வைத்துத்தான் இந்த அறைக்கு வருஷ வாடகை கட்டினேன். இந்த வருஷம் வந்தது வழவழப்பான தாளில் ஒரு புத்தகம். முதல் பக்கத்தில் முதலாளி சிரிக்கிறார். பணம் எங்கேடா?

மூட்டு வலி அப்படியேதான். நீ மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை போடுகிறேன். யாரும் உன்னை ஏமாற்றவில்லை. இந்த மாதிரிக் கம்பெனிகள் பல டிவிடெண்ட் தருவதில்லை. சோப்புக் கம்பெனிக்குப் புதிதாகச் செய்ய அதிகம் இல்லை, அதனால் மீந்ததைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். இது இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது. லாபத்தையெல்லாம் புது இயந்திரத்திலும் கெட்டிக்கார ஆட்களிலும் போடுகிறது. ஒரு வருஷம் அசந்தால் போட்டிக்காரன் முந்திவிடுவான். டிவிடெண்ட் கொடுத்தாலோ, 'இவங்ககிட்ட சரக்குத் தீர்ந்துபோச்சு' என்று சந்தையில் பேசிவிடுவார்கள். கைக்கு வராத பணம் பங்கு விலையில் ஏறும் என்பதுதான் நம்பிக்கை. தேவைப்பட்டால் கொஞ்சம் விற்றுக்கொள்ளலாம், அதுவும் டிவிடெண்ட் மாதிரிதான்.

தம்பி

மார்ச் 29

பொடியனுக்கு,

நாலு தடவை படித்தேன். வாடகை வராத வீட்டை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு ஜன்னலைக் கழற்றி விற்றுச் சாப்பிடச் சொல்கிறாய். சரி, விற்கலாம் என்றே போனேன். ஆபீசில் இருந்த பெண், "பாட்டி, ரெண்டு பேர் பேர்ல இருக்கு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றாள். பெரியவனிடம் கேட்டால், "எதுக்கும்மா இப்ப விக்கணும்? பத்து வருஷம் விட்டா எங்கேயோ போயிடும்" என்கிறான். பத்து வருஷத்தில் எனக்கு எண்பத்தொன்பது. எங்கேயோ போகப்போவது யார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் ஏப்ரல் முடியத் தவணை கொடுத்திருக்கிறார். பெரியவன், "நம்ம வீட்டுக்கு வந்துடும்மா" என்கிறான். பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, "அத்தைக்குத் தனி அலமாரி எதுக்கு?" என்று அவன் மனைவி கேட்ட வீடு அது. இங்கே என் கதவை நான் பூட்டுகிறேன், நான் திறக்கிறேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நீ சொன்னால் கேட்பான். ஒரு வார்த்தை சொல்லு. இன்னொன்றும் கேட்கிறேன்: டிவிடெண்ட் வராது என்று அன்றைக்கே உனக்குத் தெரியுமா?

உன் அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

தெரியும். நீ மாடிப்படியில் விழுந்தாயே, அதற்கு மறுவாரம் பெரியவன் என் ஆபீசுக்கு வந்து அழுதான். "மாமா, கையில காசு வர்ற வரைக்கும் அம்மா அந்த மாடியை விட்டு இறங்க மாட்டாங்க. ஒருநாள் கதவை உடைச்சுத்தான் பாக்கப்போறோம். காசு வராத நல்ல பங்கா பாத்து மாத்திக் குடுங்க" என்றான். உன் பணம் ஒரு பைசா குறையக்கூடாது, ஆனால் உன் கைக்கும் வரக்கூடாது. அப்படி ஒன்றைத் தேடி எடுத்தவன் நான்தான். உன் நல்லதுக்கு என்று நினைத்தோம். இப்போது அவனிடம் நான் என்ன சொல்ல முடியும்?

தம்பி

மே 9

தரகர் அவர்களுக்கு,

அறையைக் காலி செய்தாயிற்று. பெரியவன் என்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். சிரித்துக்கொண்டே இறங்கினான். துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. பங்கு விலை ஏறியிருக்கிறதாம், தினமும் சாப்பிடும்போது சொல்கிறான்.

எல்லாரையும் யோசித்துப் பார்த்தேன். சாவிக்காரருக்கு எதற்குச் சாட்சி போட்டோம் என்றே தெரியாது. அந்த முதலாளிக்கு நான் யாரென்றே தெரியாது, அவர் கம்பெனி, அவர் வளர்க்கிறார். மருமகள் அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தாள். அவள் அன்று கேட்டதை மறக்கக் கொஞ்ச நாளாகும், ஆனால் மறந்துவிடுவேன். பெரியவன் அம்மா வேண்டும் என்றுதான் கேட்டான், என்னைக் கேட்காமல் கேட்டுவிட்டான். பெற்றவள், பொறுத்துக்கொள்கிறேன்.

நம் அம்மா போனபோது உனக்கு மூன்று வயது. என் இடுப்பில் வளர்ந்தவன். பணம் எங்கே என்று நான் கேட்டபோது, கம்பெனி எப்படி வளர்கிறது என்று பக்கம் நிறைய எழுதினாய். "விழுந்துடுவே, இறங்கி வா அக்கா" என்று முன்னாலேயே என்னிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றிருப்பேன். வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். ஆனாலும் என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இனி கடிதம் வேண்டாம். மற்ற எல்லாரையும் மன்னித்து விட்டுவிட்டேன். மன்னிக்க முடியாதவன் ஒருவன்தான், பொடியன்.