இந்த வருடம் விரட்டாத வாத்துகள்

வலங்கைமான்,
மார்கழி 3.

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அப்பா முருகையன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் காய்ச்சல், சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் எங்கள் நினைப்பு. இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, இந்த ஒரு தடவை அப்படி எழுதக் கை வரவில்லை பாப்பா. தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும். இப்போதுகூட அவள் எனக்கு எதிரேதான் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். என்னங்க அவ்ளோ நேரமா எழுதுறீங்க என்று கேட்டாள், பயிர் அழுகினதுக்கு நிவாரணம் கேட்டு மனு எழுதுறேன் என்று சொல்லிவிட்டேன். எட்டிப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க அவளால் முடியாது, அதுதான் சேதி.

அம்மாவுக்கு வலது கண் போய்விட்டது. சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, சீக்கிரம் லேசர் வைக்க வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் இரண்டு வருடத்துக்கு முன்பே சொன்னார். நான்தான் குறுவை அறுப்பு முடியட்டும் என்றேன், பிறகு சம்பா நடவு முடியட்டும் என்றேன், அப்புறம் உளுந்து எடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். அவளும் அவசரம் இல்லங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் சொன்னால் எனக்கு எங்கே போயிற்று புத்தி? ஐப்பசியில் ஒருநாள் காலையில் எழுந்து, இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலயேங்க என்றாள். இப்போது இடது கண்ணிலும் மங்கல். ஊசி போடுகிறார்கள். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். புள்ள அங்க கெடந்து தவிக்கும், சொல்லக் கூடாது என்று உன் தலைமேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதை மீறிய பாவம் என்னோடு போகட்டும். வீடியோவில் உன்னைப் பார்த்ததும் எளச்சிட்டியேடி என்பாளே, அதெல்லாம் குத்துமதிப்பு. நீ புது சோபாவைக் காட்டியபோது நல்ல கலரு என்றாளே, போனை வைத்ததும் அது பச்சையா நீலமா என்று என்னைத்தான் கேட்டாள்.

வயலும் இந்த வருடம் கை விட்டுவிட்டது. நட்டு இருபதாம் நாள் மழை பிடித்தது, வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை, பள்ளத்து வயல் ஆறு மா நிலமும் எட்டு நாள் முழுகிக் கிடந்து அழுகிவிட்டது. அந்தத் தண்ணீரில் காட்டு வாத்துகள் வந்து இறங்கியிருக்கின்றன. வருடா வருடம் வருகிறவைதான், உனக்குத் தெரியாததா? அதுகளை விரட்டுவதற்கென்று உன் தீபாவளி வெடியில் பாதியை நான் எடுத்து ஒளித்துவைக்க, நீ அழுது ஊரைக் கூட்டுவாய். அப்பல்லாம் அம்மாவும் சொல்வாள், ஒரு சாயங்காலம் வரப்புல உக்காந்து அதுவள பாத்துட்டு வருவோங்க என்று. நாத்தை மேயுற சனியனப் பாக்க வேற செய்யணுமா, வேல இல்லையா உனக்கு என்று வாயை அடைத்துவிடுவேன். இந்த வருடம் மேய ஒன்றும் இல்லை, விரட்ட வேலையும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வரப்பில் சாக்கைப் போட்டு உட்காரவைத்தேன்.

வந்திருக்கா என்றாள். முந்நூறு நானூறு இருக்கும் என்றேன். எப்படி இருக்கு, சொல்லுங்க என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை பாப்பா! நாற்பது வருடமாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறேன், அது என்ன நிறம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். உடம்பு பழுப்பு, எழும்பும்போது வாலடியில் செங்கல் சிவப்பு. ரெண்டு ரெண்டாக ஒட்டிக்கொண்டு ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிடுகிறது. பறக்கையில் சீட்டியடித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் அப்புறம் அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இதுவள வெரட்டவா எம்புள்ளையோட வெடிய புடுங்கினீங்க, பாவி மனுசா என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாசமாகிறது. அப்புறம், பாப்பா மொகம் இப்ப எப்படி இருக்கு, அதையும் இதே மாதிரி சொல்லுங்க என்று கேட்டாள். உன்ன மாதிரியேதான் இருக்கா என்றேன். அது போதாதுங்க என்றாள். சாக்கை உதறி மடித்துக்கொண்டு அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

நீ லீவைச் சேர்த்துவைத்து அடுத்த வருடக் கடைசியில் ரெண்டு மாசமாக வருகிறேன் என்கிறாய். ஆஸ்பத்திரியில் டபுள் டியூட்டி பார்க்கிறாய், கடற்கரை பத்து நிமிஷ நடையில் இருந்தும் போகவில்லை என்று மாப்பிள்ளை குறைப்படுகிறார். என் புத்திதான் உனக்கும் வந்திருக்கிறது, அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. வேலை தீர்ந்து யாரும் சந்தோஷமாக உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடலைப் போய்ப் பாருங்கள் இரண்டு பேரும். அதைவிட முக்கியம், பொங்கலுக்கு வா. ரெண்டு மாசம் வேண்டாம், பத்து நாள் போதும். அடுத்த வருடம் நீ வந்து நிற்கும்போது அவளுக்கு உன் குரல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்றால் நான் என்ன செய்வேன்?

நம் தெரு சித்தீக் பாய் மகள் ஷமா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அழுதுகொண்டு போன் போடாதே, லீவு கிடைச்சிருக்கு என்று மட்டும் சொல். ஆண்டவன் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் நூறு வயது வைத்திருக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே: பகல் வெளிச்சம் இருக்கும்போது வீட்டுக்குள் வா, வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாதே, அம்மாவுக்கு இடது பக்கமாக, ஒரு முழ தூரத்தில், கொஞ்ச நேரம் அசையாமல் நில்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. முருகையன்